எட்டாம் எண் பேருந்தில் ஒரு கும்பல்

நகரப் பேருந்துக் கழகத்தின் இரண்டாம் மாடியில், முன்பு கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறையில், ஞானக்கண் குடியேறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெயர் வைத்தவர் இயக்குநர். பெயர் வைப்பதில் அவருக்குத் தனி ஈடுபாடு உண்டு. கழிவறைப் பராமரிப்புக்கு 'தூய்மை மேம்பாட்டு மையம்' என்று பெயர் சூட்டிவிட்டு, தண்ணீர் வராத குழாயை மட்டும் அப்படியே விட்டு வைத்தவர் அவர்.

ஞானக்கண் என்பது சுவரளவு ஒரு திரை. அதற்குப் பின்னால் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி நிரல். ஊரில் யார் எந்த நிறுத்தத்தில் பயண அட்டையைத் தட்டி ஏறுகிறார்கள், எந்த நிறுத்தத்தில் தட்டி இறங்குகிறார்கள் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அட்டையும் ஒரு புள்ளி. இரண்டு அட்டைகள் அடிக்கடி ஒரே பேருந்தில் சேர்ந்து போனால் நடுவில் ஒரு கோடு. கோடுகள் தினமும் முளைக்கும், தடிக்கும், மெலியும், காணாமல் போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்தால், தூறல் விழும் குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் மட்டும், அந்த இடத்தில் தண்ணீர் சிவக்கும்.

சிவந்தால் போதாது, ஏன் சிவந்தது என்று வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும் என்பது இயக்குநரின் கட்டளை. முதல் கூட்டத்திலேயே மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டார்: "ஒரு காரணம் சொன்னா அது சந்தேகம். ரெண்டு சொன்னா விவாதம். மூணு சொன்னாத்தான் தீர்ப்பு." நிரலை எழுதிக் கொடுத்த ஆலோசகர் அதை அப்படியே குறித்துக்கொண்டு போய்விட்டார். அன்று முதல் ஞானக்கண் எதைச் சொன்னாலும் மூன்று காரணத்தோடுதான் சொல்லும். உள்ளபடி ஒரே காரணம்தான் இருந்தாலும், மீதி இரண்டை எங்கிருந்தாவது தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். ஒருமுறை பாலத்தில் லாரி கவிழ்ந்து பேருந்துகள் நின்றபோது, இரண்டாம் காரணமாக "அன்று செவ்வாய்க்கிழமை" என்றும், மூன்றாம் காரணமாக "அதற்கு முந்தைய நாள் திங்கட்கிழமை" என்றும் சொன்னது. இயக்குநர் தலையை மெல்ல ஆட்டி, "பாருங்க, எவ்வளவு ஆழமாப் போகுது" என்றார்.

இந்தக் காரணங்களைப் படித்துவிட்டு 'ஏற்கிறேன்' என்றோ 'ஏற்கவில்லை' என்றோ கையெழுத்துப் போட ஒரு நிபுணர் தேவைப்பட்டார். இருபத்தாறு வருடமாகப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியை, ஒரு திங்கட்கிழமை காலையில் நிபுணர் ஆக்கினார்கள். கடிதம் வந்தது, நாற்காலி வரவில்லை. அலுவலகம் முழுவதும் அவளை அட்டவணையம்மா என்றுதான் கூப்பிடும். நிபுணர் ஆன பிறகும் அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் அறைக்குள் நுழைந்தபோது, குளத்தின் நடுவில் ஒரு சிவப்புப் பூ மலர்ந்திருந்தது. முப்பத்தொரு புள்ளிகள், ஒன்றுக்கொன்று பின்னிக்கொண்டு மெதுவாக மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கின. கீழே எழுத்துகள் ஓடின.

"எட்டாம் எண் வட்டப் பேருந்தில் முப்பத்தொரு அட்டைகள் கொண்ட குழு. காரணம் ஒன்று: இவர்கள் ஏறிய நிறுத்தத்திலேயே இறங்குகிறார்கள். காரணம் இரண்டு: ஏழு வாரங்களுக்கு முன் இப்படி ஒருவரும் இல்லை, இப்போது வாரந்தோறும் கூடுகிறார்கள். காரணம் மூன்று: இவர்களில் பெரும்பாலோர் பகல் நேரப் பேருந்தில் பகல் நேரத்தில் பயணிக்கிறார்கள்."

அவள் பின்னால் நின்று இயக்குநரும் படித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பரிசு விழுந்தவனின் வெளிச்சம்.

"கும்பல்!" என்றார்.

பக்கத்தில் நின்ற பரிசோதனை மேற்பார்வையாளர், யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு படி மேலே போகிறவர். "சாதாரணக் கும்பல் இல்ல சார். ட்ரெய்னிங் எடுத்த கும்பல்."

"இவங்க என்ன தப்பு பண்ணாங்க சார்?" என்று கேட்டாள் அட்டவணையம்மா. "அட்டையைத் தட்டி ஏறினாங்க. தட்டி இறங்கினாங்க."

"ஏறின இடத்துலயே இறங்கினாங்க. அப்ப எதுக்கும்மா ஏறினாங்க? அதைச் சொல்லுங்க, பார்க்கலாம்."

ஊரிலுள்ள அத்தனை பேருந்தும் எப்போது எங்கே நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவள், இதற்கு மட்டும் திரையை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

இயக்குநர் அங்கேயே திட்டம் போட்டுவிட்டார். இன்னும் மூன்று வாரத்தில் மேலிடக் குழு ஞானக்கண்ணைப் பார்க்க வருகிறது. அவர்கள் கண் முன்னாலேயே இந்த முப்பத்தொரு அட்டைகளையும் முடக்க வேண்டும்; எட்டாம் எண் பேருந்தின் பகல் நடைகளையும் நிறுத்திவிட வேண்டும். "எல்லாம் தயார். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"நேர்ல ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுப் போடறேன் சார்."

"தாராளமா. அதுக்கு 'நிபுணர் களஆய்வு'ன்னு பேர் வெச்சுக்கலாம்."

அவர் போன பிறகு அவள் பூவின் நடுப்புள்ளியைத் தொட்டாள். ஞானக்கண் பெயர் சொல்லாது; அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் காட்டும். 4471. மற்ற முப்பது பேரோடும் இதற்குக் கோடு இருந்தது. ஏழு வாரமாக ஒரு நாள் தவறவில்லை. காலை பத்து ஐம்பதுக்கு நீர்த்தொட்டி நிறுத்தத்தில் ஏறி, ஒரு மணி வாக்கில் அங்கேயே இறங்கியிருந்தது. "குழுவின் மையம்" என்று ஞானக்கண் பணிவாகச் சொன்னது. "கும்பல் தலைவன்" என்று மேற்பார்வையாளர் அதைத் தன் நோட்டில் திருத்தி எழுதிக்கொண்டு போயிருந்தார்.

நீர்த்தொட்டி அவள் வீட்டு நிறுத்தம். நம் தெருவிலா இப்படி ஒருத்தன் இருக்கிறான் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. காலையில் பால் வாங்க வரும் முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பயிற்சி எடுத்த முகம் ஒன்றுகூட அகப்படவில்லை.

மறுநாள் பதினொன்றேகாலுக்குத் தலைமை அலுவலக நிறுத்தத்தில் எட்டாம் எண் வந்தது. கதவு திறந்தபோது வழக்கமான தடாலென்ற சத்தம் இல்லை. யாரோ பெருமூச்சு விட்டது போல இருந்தது. அட்டையைத் தட்டி ஏறினாள். உள்ளே நல்ல வெயில் நேரத்திலும் தேநீர் நிறத்தில் ஒரு மங்கல். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை போட்டிருந்தது. நகரப் பேருந்தில் திரைச்சீலையை அவள் இந்த இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை. இருக்கைகள் உயரமாக, கொழுகொழுவென்று, பின்னால் சாய்ந்து கிடந்தன.

அவற்றில் கும்பல் தூங்கிக்கொண்டிருந்தது.

முன் வரிசையில் ஒரு ரொட்டிக் கடைக்காரர். முழங்கை வரை மாவு, கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறார். அடுத்து ஒரு காவலாளி. தொப்பி முழங்காலில், அதைப் பிடித்த கை மட்டும் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இரட்டைக் குழந்தைகளோடு ஒரு தாய். மூவரும் ஒரே சாயலில் வாய் பிளந்து கிடந்ததில் யார் யாரைத் தூங்க வைத்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. அதற்குப் பின்னால் கழகத்தின் பதிவறையிலேயே முப்பது வருடம் மேசையில் தலை வைத்துத் தூங்கி, போன வருடம் ஓய்வு பெற்ற எழுத்தர். வீட்டில் தூக்கம் வருவதில்லை என்று அவர் யாரைப் பார்த்தாலும் குறைப்படுவார் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். கடைசி வரிசையில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு யாரோ ஒருத்தி.

ஓட்டுநருக்கு மெத்தை என்று பட்டப்பெயர். பிரேக் போடுவது, தூங்கிய பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் இறக்கிப் போடுவது மாதிரி இருக்கும். கண்ணாடியில் அவளைப் பார்த்து, சத்தம் போடாதே என்பது போல உதட்டில் விரல் வைத்தார். உயரதிகாரிக்கு விரல் காட்டிய முதல் ஓட்டுநர் அவராகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு நிமிடம் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம் என்று அவள் உட்கார்ந்தாள். 'ஒன்று:' என்று எழுதினாள். இருக்கை அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. திரைச்சீலை மெல்ல உப்பிச் சுருங்கியது. தெருவின் இரைச்சல் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல எங்கோ போனது. பிறகு அவள் போட்ட அட்டவணைகளிலிருந்து நிமிடங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, இலவம்பஞ்சு மாதிரி காற்றில் போயின. ஐந்து நிமிடம் போயிற்று, பன்னிரண்டு நிமிடம் போயிற்று, யாரும் தாமதமாகவில்லை. பேருந்து நின்ற இடத்தில் நின்றது; நிறுத்தங்கள்தான் ஒவ்வொன்றாக நடந்து வந்து, கதவைத் தட்டிவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போயின. நீர்த்தொட்டி நிறுத்தம் குடை பிடித்துக்கொண்டு வந்தது. நான்தானே உன்னைப் பத்து ஐம்பதுக்கு வரச் சொன்னேன் என்று அவள் கேட்டாள். பத்து ஐம்பது என்றால் என்ன என்று அது திருப்பிக் கேட்டது.

"அண்ணி. அண்ணி! வாயை மூடுங்க, ஈ உள்ள போகப்போகுது."

கண்ணைத் திறந்தாள். முகத்தருகே அவள் நாத்தனார். நாற்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் இன்னும் பாப்பா. துப்பட்டாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கன்னத்தில் இருக்கையின் கோடு பதிய, சிரித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எங்க இங்க?" என்றாள் அட்டவணையம்மா.

"நான் கேக்க வேண்டிய கேள்வி. ஏன், ஆபீஸ்ல தூங்க இடமில்லையா?"

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"குறட்டையோடவா?"

"தினமும் நடக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவியே!"

"நடக்கறேனே. வீட்லேருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும்."

அட்டவணையம்மா கையை நீட்டினாள். "உன் அட்டையைக் காட்டு." பாப்பா பையிலிருந்து எடுத்து நீட்டினாள். 4471.

"அடிப்பாவி. நீதான் கும்பல் தலைவியா!"

"எந்தக் கும்பல்?"

"இதோ, இவங்க எல்லாரும். முப்பது பேர். இவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

பாப்பா திரும்பி, ஏழு வாரமாகத் தன்னோடு சேர்ந்து வந்தவர்களை முதல்முறையாகப் பார்த்தாள். "தெரியாதே அண்ணி. கண்ணைத் திறந்து பார்த்தாத்தானே."

அட்டவணையம்மா விஷயத்தைச் சொன்னாள்: திரை, சிவப்பு, மூன்று காரணம், மூன்று வாரம். கேட்கக் கேட்கப் பாப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. பாப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. காலை ஏழுக்கு வந்து படுப்பாள். எட்டுக்கு முன்னறையில் அண்ணன் மோட்டார் ரிப்பேரைத் தொடங்கிவிடுவார். கொண்டுவந்து போட்ட மோட்டாரையெல்லாம் ஓடவிட்டு, அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் ஓடவிடுவார்.

"அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் அட்டவணையம்மா.

"சொல்லாதீங்க. அவர் தொழில், அவர் வீடு. நான் வந்து ஒட்டிக்கிட்டவ." பாப்பா குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது. இந்த பஸ் வர்றதுக்கு முந்தின வாரம், இஸ்திரி உருளையில துணி விடறப்போ நின்னபடியே தூங்கிட்டேன். பக்கத்துல இருந்தவ இழுக்கலைன்னா கை உள்ள போயிருக்கும். இங்க ரெண்டு மணி நேரம் கிடைக்கற நாள்ல என் கை என்கிட்ட இருக்கு, அண்ணி. அவ்வளவுதான்."

அட்டவணையம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பத்து. இரண்டு மணிக்கு இயக்குநர் அறையில் கூட்டம். "நீ ஒரு மணிக்கே இறங்கறவளாச்சே?"

"நீங்க தூங்கின தூக்கத்தைப் பார்த்து எழுப்ப மனசு வரல. இன்னொரு சுத்து சுத்திட்டேன்."

அலுவலகம் வந்ததும் பணிமனை மேஸ்திரிக்குப் போன் போட்டாள். "எட்டாம் நம்பர்ல ஓடறது எந்த வண்டிங்க?"

"அதா? பழைய எட்டு கியர்பாக்ஸ் போய்ப் படுத்துடுச்சும்மா. தூரப் பயண வண்டி ஒண்ணு சும்மா நின்னுச்சு, அதை அனுப்பிட்டோம். சாயற சீட்டு, திரை எல்லாம் இருக்கும். கழட்ட ஆள் இல்ல." என்றைக்கு என்று கேட்டாள். ஏழு வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை. ஞானக்கண் அத்தனை கோடுகளையும் எண்ணியிருந்தது. யாரும் அதற்கு ஒரு நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை.

விதி ஒன்பதை அவள் இரண்டு முறை படித்தாள். சம்பந்தப்பட்டவர் உறவினராக இருந்தால் நிபுணர் விலகிக்கொள்ள வேண்டும். கையெழுத்து மேற்பார்வையாளருக்குப் போகும். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடுவதற்காகவே பிறந்தவர். ஒருமுறை தன்னையே இடமாற்றம் செய்யும் உத்தரவில் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, பிறகு அழுதவர். நேர்மையாக விலகினால் பாப்பாவின் கை போகும். விலகாவிட்டால் நேர்மை போகும். அட்டைகளுக்குப் பெயரே கிடையாது என்று கழகமே சுவரெல்லாம் ஒட்டியிருக்கும்போது, பெயர் தெரியும் என்று போய் நிற்பது கழகத்துக்கு அவமரியாதை என்று முடிவு செய்துகொண்டு, விதி ஒன்பதின் மேல் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி வைத்தாள். ஆனாலும் அன்று முழுவதும் தண்ணீர் குடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

'ஏற்கவில்லை' என்பதைத் தொட்டாள். ஏன் என்று பதினான்கு பதில்கள் வந்தன: திருட்டு, அட்டை மோசடி, வானிலை, சாலைப் பணி, கருவிக் கோளாறு என்று. தூக்கம் அதில் இல்லை. கடைசியில் 'மற்றவை' இருந்தது. தூக்கம் என்று எழுதினாள். "மற்றவை எனில் மூன்று காரணங்கள் தருக" என்றது. எழுதினாள். ஒன்று: தூக்கம். இரண்டு: தூக்கம். மூன்று: நல்ல தூக்கம்.

பத்து நிமிடத்தில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"தூக்கமெல்லாம் ஒரு காரணமாம்மா? எந்த ஊர்லயாவது ஒரு நிபுணர் தூக்கம்னு எழுதிக் கொடுத்திருக்காங்களா?"

"நானே தூங்கினேன் சார்."

"அது உங்க மேல நடவடிக்கை எடுக்கறதுக்கான காரணம். இதுக்கு ஆகாது." அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முக்கியமான எதையும் ஜன்னலைப் பார்த்துத்தான் சொல்வார். "குழு வர்ற அன்னிக்கு அந்தச் சிவப்பு திரையில இருக்கணும். நீங்க அவங்க முன்னாடி கையெழுத்துப் போடணும். நீங்க இல்லேன்னா மேற்பார்வையாளர் போடுவார். சிவப்பு இருந்தா கையெழுத்து உண்டு. அவ்வளவுதான்."

சிவப்பு இருந்தால். அவள் அதை வாயில் போட்டு மென்றுகொண்டே மாடி ஏறினாள்.

திரைக்கு முன்னால் ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். வீட்டில் நாலு மாதக் குழந்தை. கண் இரண்டும் ஞானக்கண்ணின் எச்சரிக்கை மாதிரி சிவந்திருந்தது.

"ஒரு சந்தேகம். இது எதை வழக்கம்னு நினைக்குது?"

"கடைசி நாலு வாரத்தைப் பார்க்கும் மேடம். ஞாயித்துக்கிழமை தோறும் மறுபடி படிச்சுக்கும். ஊர் மாறிக்கிட்டே இருக்குல்ல, அதோட சேர்ந்து இதுவும் மாறணும்."

"அப்ப வித்தியாசமான ஒண்ணை நிறையப் பேர் பண்ணிட்டா?"

"நிறையப் பேர் பண்ணா அது வித்தியாசமே இல்லையே. நம்ம ஆபீஸ்காரங்க லேட்டா வர்றதை முதல் மாசம் சிவப்பாக் காட்டுச்சு. அஞ்சாவது வாரம் பழகிடுச்சு. இப்ப நேரத்துக்கு வர்றவங்களைத்தான் காட்டுது."

"எட்டாம் நம்பர்ல பழகணும்னா எத்தனை பேர் வேணும்?"

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "ஒரு இருநூத்தம்பது பேர் இருந்தா மூணு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சுடும். எதுக்கு மேடம்?"

"சும்மாதான். நீங்க கடைசியா எப்ப நல்லாத் தூங்கினீங்க?"

அவர் ரொம்ப தூரத்தில், எப்போதோ போய்வந்த ஒரு தேசத்தை நினைத்துப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார். மறுநாள் பதினொன்றேகால் வண்டியில் முப்பத்திரண்டாவது ஆள் அவர். முப்பத்து மூன்றாவது ஆள், இனி தினமும், அட்டவணையம்மா.

தட்டச்சுப் பிரிவில் ஒரு அம்மாள் உண்டு. அவரிடம் அட்டவணையம்மா எட்டாம் எண் வண்டியின் சாயும் இருக்கைகளைப் பற்றிச் சொல்லி, "உங்களோட இருக்கட்டும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். அந்தக் கழகத்தில் எந்தப் பேருந்தும் இவ்வளவு வேகமாக ஊரைச் சுற்றியதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தட்டச்சுப் பிரிவு வந்துவிட்டது. இரண்டாவது வாரம் கிடங்குப் பிரிவு முறை போட்டுக்கொண்டு வந்தது. எதிர்க் கட்டிடத்துப் பத்திர எழுத்தர்கள் வந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியைகள் ஓய்வு வகுப்பில் ஓடி வந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஏறினார்கள், தூங்கினார்கள், ஏறின இடத்தில் இறங்கி, முகம் கழுவியவர்கள் போல நடந்து போனார்கள்.

அட்டவணையம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பூ இன்னும் பெரிதாகச் சிவந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிவப்பு, மாலை நேரத்து ஆரஞ்சாக இறங்கியது. மூன்றாவது ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலையில் விளக்கைப் போடாமலே போய் நின்றாள். குளம் ஒரே நிறமாக, எல்லையில்லாமல், மெல்ல அசைந்துகொண்டிருந்தது. எட்டாம் எண் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அன்று மதியம் மேலிடக் குழு வந்தது, மூன்று பேர். இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். வலைப்பின்னல் என்றார், விழிப்பு என்றார், ஊரே தூங்கும்போதும் தூங்காத கண் என்றார். பிறகு நாடகக்காரர் திரையை விலக்குவது போலக் கையை வீசி, "எட்டாம் எண்!" என்றார்.

ஞானக்கண் பணிவாகச் சொன்னது: "எட்டாம் எண் வட்டப் பேருந்து: வழக்கமான இயக்கம். காரணம் ஒன்று: பயணிகள் ஏறிய நிறுத்தத்திலேயே இறங்குகிறார்கள். காரணம் இரண்டு: இது வாரக்கணக்கில் நிலையாக உள்ளது. காரணம் மூன்று: பகல் நேரப் பேருந்து பகல் நேரத்தில் ஓடுகிறது."

இயக்குநரின் கை காற்றிலேயே நின்றது. ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவந்திருந்தது. அவர் நம்பிக்கையோடு அதைத் தொட்டார். "அட்டை 0903. காரணம் ஒன்று: இவர் ஒரு நிறுத்தத்தில் ஏறி வேறொரு நிறுத்தத்தில் இறங்கினார்." மீதி இரண்டை யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கும்பலைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போய், உட்கார இடமில்லாமல் பாதி வழியில் இறங்கிவிட்ட மேற்பார்வையாளர், தன் சட்டைப் பையிலிருந்த அட்டையை மெல்ல உள்ளே தள்ளினார்.

ஆனால் இயக்குநர் சும்மா இயக்குநர் ஆனவர் இல்லை. "பார்த்தீங்களா!" என்றார். "மூணு வாரத்துக்கு முன்னாடி இங்க ஒரு கும்பல் இருந்துச்சு. ஞானக்கண் பார்த்த பார்வையிலேயே கலைஞ்சு போச்சு!" குழுவில் இரண்டு பேர் கை தட்டினார்கள். மூன்றாமவர் தூங்கிப்போயிருந்தார். கையெழுத்துக்கு இனி வேலையில்லை.

சாயங்காலம் அட்டவணையம்மா படியேறும்போதே, "பாப்பா, ஜெயிச்சாச்சு!" என்று கூவிக்கொண்டுதான் ஏறினாள். முன்னறையில் அவள் கணவர் ஒரு மோட்டாரை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன, இன்னிக்கு ஒரே சந்தோஷம்?" என்று அதைவிட உரக்கக் கத்தினார். "பாப்பாவும் இப்பல்லாம் நல்லாத் தூங்கறா. சத்தமே இல்ல."

பாப்பா சமையலறையில் மரக்கட்டை மாதிரி நின்றுகொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே மை பூசியது போல இருந்தது.

"ஜெயிச்சீங்க அண்ணி. நாலு நாளா நான் நின்னுக்கிட்டே சுத்தறேன்."

"என்னடி சொல்றே?"

"பத்து ஐம்பதுக்கு வண்டி வர்றப்பவே நிரம்பித்தான் வருது. என் சீட்ல உங்க டைப்பிங் அம்மா குறட்டை. பின் சீட்ல யாரோ டீச்சர், செருப்பைக் கழட்டிப் போட்டுக் காலை நீட்டிக்கிட்டு. எழுப்பினா, 'இது பொது வண்டிம்மா, ஓரமா நில்லு'ங்கறா." பாப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பஸ்ஸைக் காப்பாத்திட்டீங்க. உங்களைக் குத்தம் சொல்லல. நேத்து உருளைகிட்ட நிக்கறப்போ மட்டும் நானே என்னைக் கிள்ளிக்கிட்டேன்."

அட்டவணையம்மா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கொண்டுவந்த கூட்டத்தை அவளே வரவேண்டாம் என்றால், நான்கு வாரத்தில் மிச்சமிருக்கும் முப்பது பேரும் மறுபடி சிவப்பார்கள். வரச் சொன்னால் பாப்பா நிற்பாள். இருநூற்றைம்பது பேரும் தூங்கத்தான் வேண்டும். பத்து ஐம்பதுக்கு மட்டும் யாரும் தூங்கக் கூடாது.

முன்னறையில் மோட்டார் ஒரு சுருதியில் நிலைத்து ஓடியது. அவள் எழுந்து போய் ஒரு பெரிய தாளையும் ஸ்கேலையும் எடுத்துவந்தாள்.

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையைத்தான்."

சமையல் மேடையின் மேலேயே கட்டம் போட்டாள். தட்டச்சுப் பிரிவு: ஒன்றரை மணி நடை. கிடங்கு: இரண்டேகால். பத்திர எழுத்தர்கள்: மூன்று. ஆசிரியைகள்: மூன்று நாற்பது, செருப்பைக் கழற்றக் கூடாது. ரொட்டிக் கடைக்காரர், காவலாளி, இரட்டைக் குழந்தைக்காரி, ஓய்வு பெற்ற எழுத்தர் எல்லோரும் பழைய நேரத்திலேயே. பாப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இந்தக் குடும்பத்துல தூங்கறதுக்கும் டைம்டேபிளா!" என்றாள். ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டங்களுக்கு வரிசை எண் போட ஆரம்பித்தாள்.

தலைப்புக்குத்தான் அட்டவணையம்மா நிறைய யோசித்தாள். கடைசியில், 'பணியாளர் சுழற்சிமுறை வலைப்பின்னல் நல்லிணக்கக் களஆய்வுத் திட்டம்' என்று எழுதினாள். காலையில் இயக்குநர் அந்தத் தலைப்பை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். கண் கலங்கியது. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, கூடவே ஒரு சுற்றறிக்கையும் விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அவள் நீர்த்தொட்டி நிறுத்தத்தில் நேரப் பதிவேட்டோடு நின்றாள். எட்டாம் எண் பத்து ஐம்பத்து மூன்றுக்கு வந்தது. பாப்பா அட்டையைத் தட்டி ஏறி, பாதி காலியாகக் கிடந்த வண்டியின் கடைசி வரிசைக்கு நடந்து போனாள். துப்பட்டா முகத்தின் மேல் ஏறியது. கதவு பெருமூச்சு விட்டு மூடிக்கொள்ள, மெத்தை வண்டியைக் கிளப்பினார். கிளம்பியதே தெரியவில்லை, தெருதான் கொஞ்சம் பின்னால் நகர்ந்த மாதிரி இருந்தது. திரைச்சீலை ஒன்று வெளியே வந்து, கொஞ்ச தூரம் காற்றில் நீந்திவிட்டு, உள்ளே போயிற்று.

அட்டவணையம்மா பதிவேட்டைப் பிரித்து, வந்த நேரம் என்ற கட்டத்தில், தன் இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, பத்து ஐம்பது என்று எழுதினாள்.